சும்மா சுற்றும் ஹார்டு டிஸ்க்: லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டு சர்வரில் டிஸ்க்கை நிறுத்தி வைத்தால் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும்?

3.5 அங்குல டிஸ்க் வேலையே இல்லாமல் சுற்றும்போதும் சுமார் 5 வாட் இழுக்கும். நின்றுவிட்டால் ஒரு வாட்டுக்கும் கீழே. தினம் 20 மணி நேரம் நின்றால் டிஸ்க்குக்கு மாதம் இரண்டரை யூனிட் குறையும். நான்கு டிஸ்க் இருந்தால் பத்து யூனிட்.

கேள்வி: டிஸ்க் எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் நிற்க வேண்டும் என்று சொல்ல, எச்டிபார்ம் கட்டளையில் பெரிய எஸ் போட்டு 60 கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் நிற்கவில்லையே?

அந்த எண் நொடிக் கணக்கு இல்லை. 240 வரை ஐந்தால் பெருக்கினால்தான் நொடி வரும். நீங்கள் கொடுத்தது 5 நிமிடம். 240 என்றால் 20 நிமிடம். 241-இலிருந்து அரைமணிக் கணக்கு: 241 அரைமணி, 242 ஒரு மணி. தயவுசெய்து ஒரு நிமிடமெல்லாம் வைக்காதீர்கள். நின்று நின்று கிளம்புவதில்தான் மோட்டாருக்குத் தேய்மானம் அதிகம். மின்சாரத்தில் மிச்சம் பிடித்த காசு புது டிஸ்க் வாங்கவே போய்விடும். 241 போதும்.

கேள்வி: நின்ற டிஸ்க் தானாகவே மறுபடி சுற்ற ஆரம்பிக்கிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை, யாரோ எழுப்புகிறார்கள். என் வீட்டிலும் இதே கதைதான். ராத்திரி அமைதியில் "க்ளிக்" என்று ஒரு சத்தம், அப்புறம் மெல்ல ஏறும் இரைச்சல். கடிகாரத்தைப் பார்த்தால் சரியாக அரைமணிக்கு ஒரு தடவை. அப்போதுதான் பிடிபட்டது: டிஸ்க்கின் உடல்நிலையைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்-டி வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை விசாரிக்கும். அதன் அமைப்புக் கோப்பில் டிஸ்க்கின் வரியில் 'சின்ன என், ஸ்டாண்ட்பை' சேர்த்தேன். தூங்கும் டிஸ்க்கை அதன்பின் அது தொடவில்லை.

அதுவும் இல்லையென்றால் ஃபாட்ரேஸை ஓடவிட்டுப் பாருங்கள்; எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று வரிவரியாகக் காட்டும். லினக்ஸ் நிறுவிய டிஸ்க்கே இதுவென்றால் ஆசையை விட்டுவிடுங்கள். சிஸ்டம் தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் லாக் எழுதுவது ஓயாது. சிஸ்டத்தைச் சின்ன எஸ்எஸ்டிக்கு மாற்றி, பெரிய டிஸ்க்கில் படங்களை மட்டும் வையுங்கள்.

கேள்வி: யூஎஸ்பி டிஸ்க் எச்டிபார்முக்கு மசியவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் சிப், கட்டளையை டிஸ்க்குக்குக் கடத்தாமல் இருக்கலாம். எச்டி-ஐடில் நிறுவுங்கள். டிஸ்க்கில் நடமாட்டம் இருக்கிறதா என்று லினக்ஸின் மையமான கர்னலின் கணக்கைப் பார்த்துத் தானே நிறுத்தும். அதன் வழக்கமான நேரம் 10 நிமிடம், அதையும் அரைமணியாக்கிவிடுங்கள்.