சூப் கிச்சன்ல ஸ்பூனை சங்கிலில கட்டி வெச்சிருந்தாங்களாமே, நிஜமா?

நிஜம்தாங்க. 1847 ஏப்ரல்ல அயர்லாந்துல டப்ளின்ல திறந்த சூப் கிச்சன் அது, அதாவது பசியில இருக்கற ஏழைங்களுக்கு சூப் ஊத்தற இடம். உருளைக்கிழங்குப் பயிர்ல நோய் வந்து அயர்லாந்தே பட்டினி கிடந்த நேரம், லண்டன் ரிஃபார்ம் கிளப்போட பிரெஞ்சு செஃப் அலெக்சிஸ் சோயரை அரசாங்கம் கூப்பிட்டுச்சு, அவரு ராயல் பாரக்ஸ்ங்கற ராணுவக் குடியிருப்பு முன்னாடி மரமும் கேன்வாஸும் வெச்சு பெரிய கொட்டகை போட்டாரு.

நடுவுல 300 கேலன் கொதிகலன். சுத்தி நீள மேஜை, அதுல வரிசையா ஓட்டை போட்டு கிண்ணத்தைப் பதிச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் சங்கிலில ஒரு ஸ்பூன், யாரும் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு. மணி அடிச்சா 100 பேர் உள்ள வரணும், ஆளுக்கு ஆறு நிமிஷம்தான், அடுத்த மணி அடிச்சதும் ரொட்டியை வாங்கிட்டு வேற வாசல் வழியா வெளிய போயிடணும், கிண்ணத்தை அங்கயே துடைச்சு அடுத்த 100 பேருக்கு ஊத்துவாங்க. கூட்டத்தை சமாளிக்க அருமையான ஏற்பாடுதான், ஆனா திறப்பு நாள்ல பணக்காரங்க 5 ஷில்லிங் கட்டி ஏழைங்க சாப்பிடுறதை வேடிக்கை பார்த்தாங்க, அதை என்னால ஏத்துக்கவே முடியல.

சூப்பும் தண்ணிதான். 2 கேலனுக்கு கால் பவுண்டு மாட்டுக்கறி, கொஞ்சம் வெங்காயம், மாவு, பார்லி. லான்செட் மருத்துவ இதழே இதுல சத்து இல்லன்னு கண்டிச்சுது.

இதுக்கு முன்னாடியே 1790கள்ல மியூனிக்ல ரம்ஃபோர்டு பிரபு பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு போட்டு ஏழைங்களுக்கு சூப் காய்ச்சினாரு. ஆனா அளவுல பார்த்தா அயர்லாந்துதான் பெருசு, 1847 கோடைல தினம் சுமார் 30 லட்சம் பேர் அரசாங்க கிச்சன்கள்ல சாப்பிட்டாங்க. பஞ்சம் முடியறதுக்குள்ளயே, அந்த வருஷ இலையுதிர் காலத்துல எல்லாத்தையும் மூடிட்டாங்க, அதுதான் பெரிய கொடுமை.