வெடித்த பீங்கான் ட்ரே: வைப்பதா, எறிவதா?

நத்தார் கேக் காலம் நெருங்கினால் திருகோணமலை வீடுகளில் அலுமாரி மேல்தட்டுப் பீங்கான்கள் கீழே இறங்கும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அவற்றைப் பற்றியதுதான்.

அக்கா, என் வெள்ளை ட்ரேயின் உள்ளே வலை பின்னினது போல மெல்லிய கோடுகள். பழுப்பேறிவிட்டது, தேய்த்தும் போகவில்லை. பாவிக்கலாமா? (உவர்மலை)

மண்ணும் அதன்மேல் இருக்கிற கண்ணாடி போன்ற பூச்சும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் பூச்சு இப்படி வெடிக்கும். நன்றாகச் சுட்டு இறுகாத மண் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மெல்ல மெல்ல உப்பும். அதனால் நம்ம ஊர் மாதிரிக் கடற்கரை ஊரில் சும்மா அடுக்கி வைத்த பாத்திரம்கூட வருடங்கள் கழித்துக் கோடு விடலாம்.

பழுப்பு என்பது பட்டரும் குழம்பும் கோட்டுக்குள் இறங்கியதன் அடையாளம். சோப்பும் பிரஷும் அங்கே எட்டாது, கிருமி தங்கும். உங்கள் ட்ரேயைச் சமையலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கறை பிடிக்காத கோடு என்றால் நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அது வெறும் பூச்சுக் கோடு அல்ல. விரலால் சுண்டினால் நல்ல பீங்கான் 'ணங்' என்னும். வெடித்தது 'டொக்' என்று செத்த சத்தம் போடும். சந்தேகம் தீரவில்லையா? தண்ணீர் நிரப்பி, பழைய பேப்பர் மேல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் பேப்பர் நனைந்திருந்தால் முடிவு தெரிந்துவிடும்.

வட்டிலப்பக் கலவையைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சூடான அவணில் வைத்தேன். 'டக்' என்று இரண்டாகிவிட்டது. ஒட்டலாமா? (கிண்ணியா)

வேண்டாம். சாதாரணப் பசை அவண் சூட்டில் இளகும், சாப்பாட்டிலும் கலக்கும். வட்டிலப்பத்தையும் விட்டுவிடுங்கள், சில்லு கண்ணுக்குத் தெரியாது. வெளிப்பக்கம் சட்டென்று விரிய, உட்பக்கம் குளிரில் அப்படியே நிற்க, பீங்கானுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. இனிமேல் கலவையை வேறு பாத்திரத்தில் குளிர வைத்து, ஊற்றும்போது மட்டும் ட்ரேயை எடுங்கள். சுடச்சுட இறக்கியதை ஈரமான டைல்ஸ் மேல் வைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். காய்ந்த துணி மடித்து வையுங்கள்.

விளிம்பில் மட்டும் சின்னதாக உடைந்திருக்கிறது. (நிலாவெளி)

உடைந்த இடம் மறுபடி மறுபடி சூடேறும்போது வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும். அவணுக்கு வேண்டாம். சாவி, ஊசி, நூல் போட்டு வைக்கலாம்.

மாமி தந்த பழைய பூப்போட்ட கோப்பை. வெடிப்பில்லை. அதில் மீன் சுடலாமா? (உப்புவெளி)

வெடிப்பை விட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பழைய பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். தேசிக்காய், பழப்புளி, வினாகிரி போன்ற புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது சாப்பாட்டில் இறங்கும். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மாமி கோபிக்காதபடி ஷோகேசில் வையுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால்? (மூதூர்)

அடியில் அவணுக்கு உகந்தது என்ற குறி இருக்க வேண்டும்; சாப்பாட்டுப் பீங்கான் எல்லாம் அவணுக்குச் செய்ததல்ல. கடையிலேயே சுண்டிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும். கண்ணாடி ட்ரேக்கும் திடீர்ச் சூடு, திடீர்க் குளிர் ஆகாது. அடிக்கடி கைநழுவ விடுகிறவர்களுக்கு எவர்சில்வர் ட்ரேதான் நிம்மதி. அலுமினியம் கேக்குக்கு நல்லது, புளி சேர்ந்த மீனுக்கு வேண்டாம்.

உடைந்ததைக் குப்பையில் போடும்போது தடித்த பேப்பரில் சுற்றி, மேலே 'உடைந்த பீங்கான்' என்று எழுதுங்கள். குப்பை எடுக்க வருகிறவர்கள் வெறுங்கையால்தான் அள்ளுகிறார்கள்.