நுரையீரல் புற்றுநோய் இறப்புகள் ஊருக்கு ஊர் ஏன் வேறுபடுகின்றன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை இங்கே சேர்த்துத் தருகிறேன். எந்த ஆண்டு, ஆண்களா பெண்களா, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களா இறந்தவர்களா என்ற விவரம் எதுவுமின்றி ஓர் எண்ணை மட்டும் எழுதி விளக்கம் கேட்டவர்களுக்குப் பதில் எழுத இயலவில்லை. இந்த வேண்டுகோளை நான் முன்வைப்பது இது முதல் முறையன்று. எண்களைப் படிப்பதற்கு வசதியாக, பின்னங்களை நீக்கி முழு எண்களாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: இந்தியாவில் ஆண்டுக்கு 75,000 பேரும், நம்மைவிட மக்கள்தொகை குறைந்த அமெரிக்காவில் அதைவிடக் கூடுதலானோரும் நுரையீரல் புற்றுநோயால் இறக்கிறார்கள் என்று படித்தேன். நம் காற்று அவர்களுடைய காற்றைவிட நல்லது என்றுதானே இதற்குப் பொருள்? (கோயம்புத்தூர்)

இல்லை. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இங்கே 75,000 பேர், அங்கே ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் பேர். லட்சம் பேருக்கு எத்தனை இறப்பு என்று கணக்கிட்டால் அவர்களுடைய வீதம் நம்முடையதைப் போல் ஏழு மடங்கு வருகிறது. ஆனால் அங்கே முதியவர்கள் மிகுதி. இந்நோயோ அறுபது வயதுக்கு மேல் பெருகுவது. வயதைச் சீராக்கிவிட்டுப் பார்த்தால், அதாவது இரு நாடுகளிலும் இளையோரும் முதியோரும் ஒரே அளவில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், ஏழு மடங்கு மூன்று மடங்காகச் சுருங்கிவிடும். மிஞ்சும் அந்த மூன்று மடங்கில் பெரும்பகுதி, இன்று இறப்பவர்கள் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு புகைத்த சிகரெட்டுக்கு உரியது. நம் பக்கத்துக் கணக்கிலேயே விடுபட்ட இறப்புகள் எத்தனை என்பது வேறொரு விஷயம். திருச்சி வாசகருக்கான பதிலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன். வயதைச் சீராக்காமல் இரண்டு ஊர்களை ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: வீதம், விகிதம் இரண்டும் ஒன்றுதானா? (தஞ்சாவூர்)

அல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்தில் இத்தனை பேரில் இத்தனை பேருக்கு என்பது வீதம். ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு ஒப்பிட்டு அளப்பது விகிதம். செய்தித்தாள்கள் ‘இறப்பு விகிதம்’ என்று எழுதுவதில் பெரும்பாலானவை உண்மையில் வீதங்கள்தாம்.

கேள்வி: ராணுவப் பணியில் மிசோரத்தில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அவ்வளவு தூய்மையான மலைக்காற்று உள்ள இடத்தில்தான் நாட்டிலேயே அதிக நுரையீரல் புற்றுநோய் என்கிறார்கள். பதிவில் ஏதோ தவறு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். (வேலூர்)

பதிவில் தவறில்லை. மிசோரத்தின் தலைநகர் அமைந்த ஐஸ்வால் மாவட்டத்தில் புற்றுநோயாளிகளைப் பதிந்து எண்ணும் பதிவகத்தின் 2012 முதல் 2016 வரையிலான கணக்கில், வயது சீராக்கிய வீதம் ஆண்களிடையே லட்சத்துக்கு 39, பெண்களிடையே 38. நாடு முழுமைக்குமான மதிப்பீடு 6ஐ ஒட்டியே இருக்கிறது. இவை புதிதாக நோய் கண்டறியப்பட்டோரின் வீதங்கள், இறப்பு வீதங்கள் அல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆயினும் நுரையீரல் புற்றுநோயில், குறிப்பாக நம் நாட்டில், இரண்டுக்கும் இடைவெளி வருந்தத்தக்க அளவுக்குச் சிறியது.

இந்தியாவின் மற்ற இடங்களில் ஆண்களின் வீதம் பெண்களுடையதைப் போல் இரண்டு மூன்று மடங்காக இருக்கையில், ஐஸ்வாலில் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதைத்தான் நீங்கள் முதலில் கவனித்திருக்க வேண்டும். 2016–17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் நாட்டின் வயது வந்தோரில் நூற்றுக்கு 29 பேர் புகையிலையைப் பயன்படுத்தினர். தமிழ்நாட்டில் 20 பேர். மிசோரத்தில் 59 பேர். அங்கே பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இதில் அடக்கம். கையால் சுற்றிய உள்ளூர்ச் சிகரெட்டை வீட்டில் ஆண் பெண் வேறுபாடின்றிப் புகைப்பது அங்கே வழக்கம். புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தி, அந்தத் தண்ணீரை வாயில் அடக்கி வைத்துக்கொள்ளும் ‘துய்பூர்’ என்ற பழக்கமும் உண்டு. நான்கு ஆண்டுகள் அங்கே இருந்த நீங்கள் இவற்றைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மலைக்காற்று எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் வீட்டுக்குள் நிற்கும் புகையை அது கழுவித் தராது.

கேள்வி: பீடியில் இருப்பது வெறும் இலை, சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவுதானே? (திருநெல்வேலி)

குறைவன்று. இலைக்குள் இருப்பது புகையிலை.

கேள்வி: என் தந்தைக்குத் திசுப் பரிசோதனையில் நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியாகி எட்டு மாதங்களில் காலமானார். ஆனால் இறப்புக்கான காரணம் ‘இதய–சுவாச நிறுத்தம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இது முக்கியமா? (திருச்சி)

மிகவும் முக்கியம். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனெனில் இந்தத் தொகுப்பில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

உலகில் இறந்த ஒவ்வொருவருக்கும் இதயமும் மூச்சும் நின்றிருக்கின்றன. அது இறப்பின் வடிவம்; இறப்பின் காரணம் அல்ல. இறப்புக் காரணச் சான்றுப் படிவத்தின் முதற்பகுதியில் அ, ஆ, இ என்று மூன்று வரிகள் உண்டு. முதல் வரியில் உடனடிக் காரணம். அதற்கு இட்டுச் சென்றது அடுத்த வரியில். எல்லாவற்றையும் தொடங்கி வைத்த அடிப்படைக் காரணம் கடைசி வரியில். புள்ளிவிவரத்தில் எண்ணப்படுவது அந்த அடிப்படைக் காரணம்தான். உங்கள் தந்தை போன்ற ஒருவருக்கு, முதல் வரியில் சுவாசச் செயலிழப்பு, இரண்டாவது வரியில் நுரையீரல் உறையில் நீர்க்கோவை, மூன்றாவது வரியில் நுரையீரல் புற்றுநோய் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பதிவகத்தில் நான் பணியாற்றிய காலத்தில், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் எக்ஸ்ரே, மடித்து மடித்து விரிசல் விட்ட சிடி ஸ்கேன் படங்கள், பயாப்சி முடிவுச் சீட்டு, மாத்திரை அட்டைகள் என்று ஒரு மனிதரின் கடைசி ஓராண்டு முழுவதும் இருந்தது. படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் நீல மையில் ‘இதய–சுவாச நிறுத்தம்’; கீழே இருந்த இரண்டு வரிகளின் குறுக்கே ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு புற்றுநோய் இறப்பு காணாமல் போயிருந்தது. எழுதிய மருத்துவர் அந்த வாரம் எத்தனை இரவுகள் தூங்காமல் பணியாற்றினார் என்பது எனக்குத் தெரியாது. அவரைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமும் அல்ல. பட்டப்படிப்பில் இந்தப் படிவத்தை நிரப்ப எத்தனை மணி நேரம் கற்றுத் தருகிறோம், நிரப்பப்பட்ட படிவத்தைத் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதுதான் நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி.

2020இல் நாட்டில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணச் சான்று அளித்தவை நூற்றுக்கு 22 அளவே. தமிழ்நாட்டின் நிலை இந்தச் சராசரியைவிட மேலானது. வட மாநிலங்கள் பலவற்றின் நிலை இதைவிட மிகக் கீழே. இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். சான்று ஒழுங்காக எழுதும் மாநிலத்தில் புற்றுநோய் இறப்பு அதிகம் போலவும், எழுதாத மாநிலத்தில் குறைவு போலவும் வரைபடத்தில் நிறம் தீட்டப்படுகிறது. அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் எங்கே கதிர்வீச்சுக் கருவி வைப்பது, எங்கே நிபுணரை நியமிப்பது என்ற பேச்சு நடக்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் சளியில் கிருமி இருக்கிறதா என்று உறுதி செய்யாமலேயே காசநோய் மருந்து தொடங்கி, ஆறு மாதம் கழித்தும் நிழல் கரையாத நிலையில் திசுப் பரிசோதனைக்கு வருமுன்பே இறந்துவிடுவோர் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் புற்றுநோய்க் கணக்கிலும் சேர்வதில்லை.

2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மருத்துவமனைகள் இறப்புக் காரணச் சான்றைப் பதிவாளருக்கு அளிப்பதோடு ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். ஆகவே படிவம் கைக்கு வந்ததும் கடைசி வரியைப் படியுங்கள். அது வெறுமையாக இருந்தால் அங்கேயே கேளுங்கள். உங்கள் தந்தையின் திசுப் பரிசோதனை முடிவு ஒரு வட்டாரத்து நோயாளிகள் அனைவரையும் எண்ணும் மக்கள்தொகைசார் பதிவகத்துக்குப் போயிருந்தால் அவர் புதிய நோயாளியாக எண்ணப்பட்டிருப்பார். இறப்புக் கணக்கிலும் அவர் இடம்பெறுவது பதிவகத்தார் வீடுவரை வந்து விசாரிப்பதைப் பொறுத்தது.

கேள்வி: பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் புகைப்போர் ஏராளம். கேரளத்தில்தான் நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று காட்டுகிறார்கள். அப்படியானால் புகைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றுதானே ஆகிறது? (ஈரோடு)

அப்படி ஆகாது. 2011 கணக்கெடுப்பில் கேரள மக்களில் அறுபதைக் கடந்தோர் நூற்றுக்கு 13 பேர், பீகாரில் 7 பேர். வயதைச் சீராக்காமல் ஒப்பிடாதீர்கள் என்று மேலே எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன். சான்று எழுதும் தரத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நுரையீரல் புற்றுநோய் வரும் வயதை எட்டுமுன்பே புகைப்பவர் வேறு நோயால் இறந்துவிடக்கூடும். கஜலட்சுமியும் சக ஆய்வாளர்களும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்த ஆண்கள் 43,000 பேரைப் பற்றி வீடுதோறும் விசாரித்து, உயிருடன் இருந்த 35,000 பேருடன் ஒப்பிட்டு, 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வை இத்துறையில் உள்ள அனைவரும் அறிவர். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு என்றும், ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்றும் அது காட்டியது. ஏழை மாநிலத்தில் நுரையீரல் புற்றுநோய் வீதம் தாழ்ந்திருப்பதைப் புகையிலைக்கு நற்சான்றாகப் படிப்பவர்கள், காசநோய், மாரடைப்புப் பட்டியல்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் எவரும் புகைத்ததில்லை. அம்மாவுக்கு இந்நோய் வந்தது. வாழ்நாள் முழுவதும் விறகடுப்பில் சமைத்தவர். அதுதான் காரணமா? (மதுரை)

உங்கள் தாயார் ஒருவரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. வீதங்கள் மக்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசுபவை. கூட்டத்தைப் பற்றிச் சொல்வதானால், சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உள்ள ஷுவான்வெய் பகுதியை நினைவுகூர வேண்டும். அங்கே பெண்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை. ஆயினும் 1970களில் அந்நாட்டுப் பெண்களிடையே மிக உயர்ந்த இறப்பு வீதங்களுள் ஒன்று அங்கே காணப்பட்டது. புகைபோக்கி இல்லாத குழியடுப்பில், அடர்ந்த புகை கக்கும் உள்ளூர் நிலக்கரியை வீட்டுக்குள் எரித்ததே காரணம். புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய குடும்பங்களில் பத்தாண்டுகளுக்குப் பின் நோய் கணிசமாகக் குறைந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு புகைபோக்கி ஒரு வட்டாரத்தின் இறப்பு வீதத்தைக் கீழே இறக்கியிருக்கிறது.

விறகு நிலக்கரி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வீட்டு நிலக்கரிப் புகையை உறுதியான புற்றுநோய்க் காரணி என்றும், விறகுப் புகையைக் காரணியாக இருக்க வாய்ப்புள்ளது என்றும் தனித்தனியே வகைப்படுத்தியிருக்கிறது. வெளிக்காற்றின் மாசு 2013 முதல் உறுதியான காரணிகளின் பட்டியலில் உள்ளது.

கேள்வி: அமெரிக்காவில் இறப்பு குறைந்தது புதிய மருந்துகளாலா, புகைப்பதை விட்டதாலா? (நியூ ஜெர்சி)

முதலில் புகையை விட்டதால்; பின்னர் இரண்டாலும். புகைப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிவித்த அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964இல் வந்தது. ஆண்களின் இறப்பு வீதம் உச்சத்தைத் தொட்டுத் திரும்பியதோ 1990இல். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. பெண்கள் பிந்திப் புகைக்கத் தொடங்கியதால் அவர்களுடைய வீதம் மேலும் பத்தாண்டு கழித்தே இறங்கத் தொடங்கியது. ஸ்பெயினில் ஆண்களின் வீதம் இறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் பெண்களுடையது ஏறியதற்கும் இதுவே காரணம். அமெரிக்க ஆண்களின் வீதம் உச்சத்திலிருந்து இன்று பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

மருந்தின் பங்கு 2013க்குப் பிறகு தெளிவாகத் தெரிகிறது. நுரையீரல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை சேரும் ‘சிறு செல் அல்லாத’ வகையில், ஆண்களிடையே புதிய நோயாளிகளின் வீதம் ஆண்டுக்கு நூற்றுக்கு 3 என்ற அளவில் குறைந்தபோது, இறப்பு வீதம் நூற்றுக்கு 6 என்ற அளவில் குறைந்தது. மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகள் பரவலான காலம் அது. ஆயினும் அதே நாட்டில், அதே மருந்துகள் கிடைக்கையில், கென்டக்கியின் இறப்பு வீதம் யூட்டாவினுடையதைப் போல் மூன்று மடங்கு இருக்கிறது. யூட்டாவில் பெரும்பான்மையினரின் சமயம் புகையிலையை விலக்குகிறது. கென்டக்கியில் புகையிலை தலைமுறை தலைமுறையாகப் பயிரிடப்பட்டது.

கேள்வி: மணவாளக்குறிச்சி மணலின் கதிர்வீச்சால் நுரையீரல் புற்றுநோய் வருகிறதா? (நாகர்கோவில்)

இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, நிலத்திலிருந்து வரும் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. அங்கே ஆண்களின் நுரையீரல் புற்றுநோயோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தது பீடி.

கேள்வி: 2008இல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தும் நோயாளிகள் கூடிக்கொண்டே போகிறார்களே, தடை தோற்றுவிட்டதா? (சேலம்)

எண்ணிக்கை கூடுகிறதா, வயது சீராக்கிய வீதம் கூடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மக்கள்தொகையும் முதியோரும் பெருகும் நாட்டில், வீதம் அசையாமல் நின்றாலும் எண்ணிக்கை ஏறும். 2008இல் விதைத்ததன் பலனை இறப்பு வீதத்தில் தேட வேண்டிய காலம் 2030களில் வரும். அதற்குள் சான்றுப் படிவத்தின் கடைசி வரி நிரப்பப்படத் தொடங்கியிருந்தால் அந்தப் பலனை நம்மால் காணவும் முடியும்.

கேள்வி: எனக்கு 58 வயது. முப்பது ஆண்டுகள் புகைத்து ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு விட்டேன். ஸ்கேன் எடுக்கலாமா? (சென்னை)

எக்ஸ்ரே போதாது. குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன், உங்களைப் போல் நீண்டகாலம் புகைத்தவர்களிடையே இந்நோய் இறப்பை நூற்றுக்கு 20 அளவு குறைப்பதாக 2011இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்புகள் ஸ்கேனில் கட்டி போலத் தோன்றித் தேவையற்ற அச்சத்தையும் ஊசிப் பரிசோதனைகளையும் உண்டாக்கும் என்பதால், நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு எடுங்கள். பழைய எக்ஸ்ரே ஏதும் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்; தழும்பு முன்பே இருந்ததா என்பதை அந்த ஒரு படம் தீர்த்துவிடும்.