வீடு கைமாறினால் பூட்டையே மாற்ற வேண்டுமா?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பழைய வீடொன்று வாங்கியிருக்கிறோம். முன்பு வாடகைக்குப் பலர் இருந்த வீடு. யாரிடம் எத்தனை சாவி இருக்கிறதோ தெரியாது. முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் புதுப் பூட்டுப் போட வேண்டுமா, சாவியை மட்டும் மாற்ற வழி உண்டா? மழை தொடங்கினால் முன்கதவுப் பூட்டு வேறு இறுகிக்கொள்கிறது."

பழைய சாவி எதுவும் இனி உங்கள் கதவைத் திறக்கக் கூடாது. சாமான் இறக்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஆனால் அதற்காகப் பூட்டை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை.

கையிலிருக்கும் சாவியைப் பாருங்கள். தட்டையாக, ஓரம் மேடும் பள்ளமுமாக வெட்டியிருந்தால் அது சிலிண்டர் பூட்டு. நீளத் தண்டும் நுனியில் பல்லுமாக இருந்தால் பழைய லீவர் பூட்டு.

சிலிண்டருக்குள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு சோடி ஊசிகளும் அவற்றை அழுத்தும் சிறு ஸ்பிரிங்குகளும் இருக்கும். சாவியின் வெட்டு எல்லா ஊசிகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உள் உருளை சுழலும். அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு அடிப்படையில் இன்றும் அதேதான். உள்ளிருக்கும் ஊசிகளை வேறு அளவில் மாற்றிப் போட்டால் பழைய சாவி நுழையும், திரும்பாது. சாவி மாற்றுவது என்பது இதுதான். இதை வீட்டில் முயல வேண்டாம். உருளையை இழுத்ததும் ஸ்பிரிங்குகள் தெறித்துவிடும். சாவிக் கடைக்காரர் எல்லோரும் இதைச் செய்வதில்லை, சிலர் நகல் வெட்டுவதோடு சரி. செய்பவர் கிடைத்தால் கூலியைப் புதுச் சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சிறிதென்றால் புதுச் சிலிண்டரே வாங்குங்கள் என்பேன். பல வருடம் தேய்ந்த ஊசிக்குக் கூலி கொடுப்பதில் பயனில்லை.

சிலிண்டர் மாற்றுவது நீங்களே செய்யக்கூடிய வேலை. கதவைத் திறந்து வைத்து அதன் விளிம்பைப் பாருங்கள். சாவித் துளைக்கு நேராக ஒரு நீள ஸ்குரூ ஆணி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரை இழுத்தால் வராது. நடுவிலுள்ள சிறு பல் பூட்டுக்குள் மாட்டியிருக்கும். சாவியைப் போட்டு, கொஞ்சமே கொஞ்சம், பத்துப் பதினைந்து பாகை திருப்பி மெதுவாக இழுங்கள். பல் உடம்போடு ஒடுங்கியதும் சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

அதைக் கையோடு ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோங்கள். ஸ்குரூத் துளையின் நடுவிலிருந்து இரு முனைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும்: 30க்கு 30, 35க்கு 35, சில கதவுகளில் 30க்கு 40 மில்லிமீற்றர். வெளிப்பக்கம் தகட்டுக்கு மேல் 3 மில்லிமீற்றருக்கு அதிகமாக நீட்டக் கூடாது. நீட்டினால் குறட்டால் பிடித்து முறித்துவிடலாம். இரண்டு கதவுக்கும் ஒரே சாவி பொருந்தும் சோடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் உட்பக்கம் கையால் திருகும் குமிழ் உள்ளது நல்லது, அவசரத்தில் சாவி தேட வேண்டியதில்லை. கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி இருந்தால் மட்டும் அது வேண்டாம். உடைத்துக் கைவிட்டுத் திருகிவிடுவார்கள்.

மாட்டியபின் கதவைச் சாத்தாமலே இரு பக்கமும் எல்லாச் சாவியையும் போட்டுப் பாருங்கள். சரியாக வேலை செய்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும்.

லீவர் பூட்டு என்றால், தெரிந்த கைகாரர் உள்ளிருக்கும் லீவர் தகடுகளின் வரிசையை மாற்றி அதற்கேற்பப் புதுச் சாவி வெட்டித் தருவார். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் முழுப் பூட்டையும் மாற்றுங்கள். கதவு விளிம்பிலிருந்து சாவித் துளை நடு வரையுள்ள தூரத்தை அளந்துகொண்டு போனால், மரத்தைப் புதிதாகக் குடையாமல் தப்பலாம்.

இனி மழைக்கால இறுக்கம். பூட்டு வாங்கும் முன் இதைச் சோதிக்காவிட்டால் புதுப் பூட்டும் இதேபோல் இறுகும். கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்புங்கள். இலகுவாகத் திரும்பினால் பூட்டில் குறையில்லை, கதவில்தான். ஹட்டன் பக்கம் மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் மரம் ஈரம் குடித்து உப்பும். அப்புறம், கதவைச் சாத்தி, கைப்பிடியைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துத் திருப்புங்கள். அப்போது திரும்பினால் கதவு தொங்கியிருக்கிறது. மேல் பிணைச்சலின் ஆணிகளை இறுக்குங்கள். பிடிக்காவிட்டால் இன்னும் நீளமான ஆணி போடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் பூட்டின் நாக்கில் சோக்கட்டி தேய்த்து, நிலையிலுள்ள தகட்டில் அது எங்கே முட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவுங்கள். மழையோடு மழையாகக் கதவைச் சீவச் சொல்லாதீர்கள். வெயில் வந்து மரம் சுருங்கும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவே கடப்பாரை நுழையும் இடைவெளி விழும்.

திறந்த கதவிலும் இறுகினால் சாவியில் பென்சில் கரியை நன்றாகத் தேய்த்துப் பல தடவை போட்டு எடுங்கள். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். உங்கள் ஊர்க் காலைக் குளிரில் போத்தலில் கட்டியாகும் எண்ணெய் பூட்டுக்குள்ளும் கட்டியாகி, தூசியையும் சேர்த்து ஊசிகளைப் பிடித்துக்கொள்ளும்.

பின்கதவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பழைய சாவி இருக்கிறவர் வீட்டுக்குப் பின்னாலும் வரலாம். பணம் ஒரு சிலிண்டருக்குத்தான் இருக்கிறதென்றால் அதை முன்கதவுக்குப் போட்டு, பின்கதவுக்கு மேலும் கீழும் உட்பக்கத் தாழ்ப்பாள் வைத்து, அடுத்த சம்பளம் வரை அதைத் தாழிட்டே வையுங்கள்.