பெரிய அலைதான் ஆபத்தா? – கப்பலும் அலையும்: வாசகர் கேள்வி–பதில்

அலை உயரம் 3 மீட்டர் என்று இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் மையம்) அறிவிப்பில் வந்தால், அதற்கு மேல் அலை எழும்பாது என்று நம்பிப் போகலாமா? (குளச்சல் வாசகர்)

நம்பக் கூடாது. அந்த 3 மீட்டர் உச்ச அளவு இல்லை. வந்த அலைகளை உயர வரிசையில் அடுக்கி, மேலே நிற்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் போட்ட சராசரி. 1,000 அலைகள் கடக்கும்போது, அவற்றில் பெரியது அந்த எண்ணைப்போல் ஏறக்குறைய 1.86 மடங்கு இருக்கும். 10 விநாடிக்கு ஒரு அலை என்றால், மூன்று மணி நேரத்துக்குள் 5.5 மீட்டர் அலை ஒன்றைச் சந்திக்க நேரிடும். அதையும் தாண்டி வருவதுண்டு. 1995 ஜனவரி 1 அன்று, வடகடலில் நார்வேயின் டிராப்னர் மேடையில் இருந்த கருவி 25.6 மீட்டர் அலையைப் பதிந்தது. அப்போதைய மூன்றிலொரு பங்குச் சராசரி சுமார் 12 மீட்டர்தான்.

உயரத்தோடு நிறுத்தாமல், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை விநாடி என்றும் அறிவிப்பில் பாருங்கள். ஆழ்கடலில் அலையின் நீளம் (மீட்டரில்) 1.56 × விநாடி × விநாடி. 6 விநாடி அலை 56 மீட்டர் நீளம். 18 விநாடி அலை 500 மீட்டருக்கு மேல். வெளிக்கடலில் 18 விநாடி அலை படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், தெரியவே தெரியாது. கரையோரம் ஆழம் குறையும் இடத்தில்தான் நிமிர்ந்து அடிக்கும். காற்றே இல்லாத நாளில் கள்ளக்கடல் (தொலைதூரப் புயலிலிருந்து முன்னறிகுறி இல்லாமல் வரும் நீள அலை) ஊருக்குள் ஏறுவது இப்படித்தான்.

இரண்டு மீட்டர் பொம்மையைத் தொட்டியில் ஆட்டிப் பார்த்து, 200 மீட்டர் கப்பலைப் பற்றி எப்படிச் சொல்கிறார்கள்? (கல்லூரி மாணவி, சென்னை)

1872இல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் தொட்டி கட்டிய வில்லியம் ஃபுரூடின் விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நீளத்தை 100இல் ஒரு பங்காக்கினால், நேரமும் வேகமும் 10இல் ஒரு பங்கு. எடையும் விசையும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கடலில் 8 மீட்டர் உயரமும் 10 விநாடியும் கொண்ட அலை, தொட்டியில் 8 செ.மீ., 1 விநாடி. 60,000 டன் கப்பலுக்கு 60 கிலோ மாதிரி. கடல்நீர் 1.025 மடங்கு கனம், தொட்டியில் நல்ல தண்ணீர் என்பதால் 1.025ஆல் வகுத்து 58.5 கிலோ.

எடையைச் சரிக்கட்டுவது சுலபம். அதை எங்கே வைப்பது என்பதில்தான் சோதனையே கெடும். 32 மீட்டர் அகலக் கப்பலுக்கு ஜிஎம் 1.5 மீட்டர் என்று வைப்போம். (கப்பல் சற்றே சாயும்போது, நீர் அதை மேலே தள்ளும் விசையின் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி மெட்டாசென்டர். எடைமையத்திலிருந்து அதுவரை உள்ள உயரம்தான் ஜிஎம்.) மாதிரியில் அது வெறும் 15 மி.மீ. உள்ளே வைத்த ஈயக்கட்டிகளால் எடைமையம் 3 மி.மீ. மேலே போய்விட்டால், கப்பலில் 30 செ.மீ. தவறு, ரோலிங் காலம் (பக்கவாட்டில் ஒருமுறை முழுதாக ஆடி முடிக்கும் நேரம்) 20.9 விநாடியிலிருந்து 23.4 ஆகிவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் அளவுகள் எல்லாம் வேறொரு கப்பலைப் பற்றியவை.

அதனால் அலை எழுப்புமுன் இரண்டு சோதனை. அரைக் கிலோ எடையைத் தளத்தின் குறுக்கே 10 செ.மீ. நகர்த்தினால், மாதிரி 3.3 டிகிரி சாய வேண்டும். அடுத்து, அசையாத தண்ணீரில் 10 டிகிரி சாய்த்து விட்டுவிட்டு, பத்து ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை எடுக்க வேண்டும், 20.9 விநாடி வர வேண்டும். சாய்வு சரியாக வந்து நேரம் மட்டும் தப்பினால், உயரம் சரி, கட்டிகள் பக்கவாட்டில் நடுவை ஒட்டியோ ஓரத்தை ஒட்டியோ அதிகம் போய்விட்டன என்று பொருள். இரண்டும் சரியாக வந்த பிறகும் ஆட்டம் சீக்கிரம் அடங்குகிறதா? அளவுக்கருவியின் வயரைப் பாருங்கள். தொய்வில்லாமல் கட்டிய வயர், மாதிரியைப் பிடித்து இழுக்கும்.

ஜிஎம் கூடினால் பாதுகாப்பும் கூடும்தானே? புயலில் வேகத்தைக் குறைப்பதும் நல்லதுதானே? (கப்பல் பணியாளர், தூத்துக்குடி)

இரண்டுக்கும் ‘எல்லா நேரமும் அப்படி இல்லை’ என்பதே பதில்.

ரோலிங் காலம் தோராயமாக 0.8 × அகலம் ÷ √ஜிஎம். மேலே சொன்ன கப்பலில் ஜிஎம்மை 4 மீட்டராக்கினால், காலம் 12.8 விநாடியாகச் சுருங்கும். கவிழாதுதான்; ஆனால் வெடுக்கென்று நிமிரும். மேலடுக்குக் கன்டெய்னர்களின் கட்டுக்கம்பிகள் அந்த வெட்டிழுப்பைத் தாங்க வேண்டும்.

வேகம் இன்னும் சிக்கலானது. 1998 அக்டோபரில், வட பசிபிக்கில் ஏபிஎல் சைனா என்ற கன்டெய்னர் கப்பல் புயலில் மாட்டி, வேகத்தைக் குறைத்து அலைக்கு முகம் கொடுத்து நின்றது. பக்கவாட்டில் அலை அடிக்காமலே 35 டிகிரிக்கு மேல் உருண்டது. தளத்தின் மேல் இருந்த சுமார் 1,300 கன்டெய்னர்களில் மூன்றில் ஒரு பங்கு கடலில் போனது. இன்னொரு பங்கு நசுங்கியது.

இத்தகைய கப்பல்களின் முன்பகுதி மேலே விரிந்திருக்கும், பின்பகுதி தட்டையாக இருக்கும். கப்பல் நீளத்துக்கு ஒத்த நீளமுள்ள அலையின் முகடு நடுவில் வந்தால், இரு முனையும் பள்ளத்தில் நிற்கும். நீர்மட்டத்தில் அகலம் குறைந்து ஜிஎம் சரியும். பள்ளம் நடுவில் வந்தால் ஜிஎம் ஏறும். ரோலிங் காலத்தில் பாதி நேரத்துக்கு ஒருமுறை இப்படி ஏறி இறங்கினால், ஊஞ்சலில் நின்றபடி முழங்காலை மடக்கி நிமிர்த்தி உந்துகிற மாதிரி, நாலைந்து ஆட்டத்தில் கட்டுக்கடங்காமல் போகும்.

நம் கப்பலுக்கு அந்தப் பாதி 10.5 விநாடி. 12 விநாடி அலையை எதிர்த்து 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்தில் போனால், 8.5 விநாடிக்கு ஒரு அலை சந்திக்கும்; பொருந்தவில்லை, பிழைத்தோம். வேகத்தை 5 நாட் என்று குறைத்தால் 10.6. வினையை விலைக்கு வாங்குவது இதுதான். வேகம் குறையக் குறைய ஆட்டத்தை அடக்கும் தடையும் குறைவது இன்னொரு கேடு. கப்பல் முன்பின் இரண்டு தலையசைப்புக்கு ஒருமுறை பக்கவாட்டில் உருளத் தொடங்கினால், அதுதான் அறிகுறி. உடனே திசையையோ வேகத்தையோ மாற்ற வேண்டும். அலைக்காலத்தைக் கணக்கிட்டு, எந்தப் பக்கம் மாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

எண்ணெய் எடுக்கும் மிதவை மேடைகள் மட்டும் ஆடாமல் நிற்பது எப்படி? (காக்கிநாடாவிலிருந்து ஒரு வாசகர்)

ஆடாமல் இல்லை; அலையின் காலத்துக்குத் தப்பி ஆடுகின்றன. பலம் வாய்ந்த அலைகள் பெரும்பாலும் 5 முதல் 20 விநாடிக்குள் இருக்கும். தூண்மேல் நிற்கும் செமி-சப்மெர்சிபிள் மேடைக்கு நீர்மட்டத்தில் பரப்பு குறைவு. அதன் மேல்கீழ் ஆட்டக் காலம் 20 விநாடிக்கு மேல். கடற்படுகையோடு எஃகுக் குழாய்களால் இழுத்துக் கட்டிய மேடைக்கோ 2 முதல் 4 விநாடி. நடுவில் மாட்டுவது நங்கூரத்தில் நிற்கும் கப்பல்தான். அதற்கு இன்னொரு தலைவலியும் உண்டு: 10 விநாடி அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதால், கூட்டத்தின் தாளத்துக்கு 100 விநாடிக்கு ஒருமுறை மெல்ல முன்னும் பின்னும் போய் வரும். சங்கிலி அறுபடுவது பல நேரம் இந்த மெதுவான இழுப்பில்தான். இதைத் தொட்டியில் பார்க்க ஐந்து நிமிட ஓட்டம் போதாது. மூன்று மணி நேரக் கடலுக்கு 1:100 அளவில் 18 நிமிடம் ஓட்ட வேண்டும். அடுத்த ஓட்டத்துக்கு முன், தண்ணீர் முழுக்க அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.