இரண்டு பைத்தானுக்கும் ஒரே நிரல்

கேள்வி: எங்கள் கணினிகள் சிலவற்றில் பைத்தான் என்ற நிரல்மொழியின் 2.7 பதிப்பும் மற்றவற்றில் பைத்தான் 3 பதிப்பும் உள்ளன. இரண்டிலும் ஓடும்படி ஒரே நிரலை எழுத முடியுமா?

பதில்: முடியும். திரையில் விடையைக் காட்டும் பிரின்ட் கட்டளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதைப் பழைய பாணியில் எழுதியிருந்தால், புதிய பதிப்பில் நிரல் பெரும்பாலும் பிழைச் செய்தியுடன் உடனே நின்றுவிடும். பிழை காட்டாமல் விடையை மாற்றிவிடும் இடங்களே ஆபத்தானவை. 7ஐ 2ஆல் வகுத்தால் பழைய பதிப்பு 3 என்றும் புதியது 3.5 என்றும் விடை தரும். கோப்பின் தொடக்கத்திலேயே ஃபியூச்சர் (__future__) தொகுதியிலிருந்து டிவிஷனை இம்போர்ட் செய்துவிட்டால், பழைய பதிப்பும் 3.5 என்றே சொல்லும். முழு எண் வேண்டிய இடத்தில் இரட்டைச் சாய்கோடு (//) இடுங்கள்.

எழுத்துகளைக் கையாளும் இடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பில் 'தமிழ்' என்ற சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளத்தைக் கேட்டால், பழைய பதிப்பு 15 பைட்டுகளை எண்ணும்; புதியதோ 5 யூனிகோட் குறிகளை எண்ணும். ஆகவே கோப்புகளை ஐஓ தொகுதியின் ஓபன் கொண்டு, குறியாக்கத்தையும் குறிப்பிட்டுத் திறந்து, நிரலுக்குள் யூனிகோட் சரங்களை மட்டுமே புழங்கவிட்டு, வெளியே அனுப்பும்போது மட்டும் பைட்டுகளாக மாற்றுங்கள்.

பெயர் மாறிய தொகுதிகளுக்குப் புதிய பெயரை முதலில் முயன்று, கிடைக்காவிட்டால் பழையதை அழைக்கலாம். சிக்ஸ் என்ற நூலகமும் இதற்கு உதவும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சோதனைகளை இரு பதிப்புகளிலும் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

2.7 பதிப்புக்கான அதிகாரபூர்வ ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டதால், அந்தக் கணினிகளை மாற்றுவதற்கு இப்போதே ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள்.