ஏரி வரைகிற பெண்ணுக்கு எதற்கு மேனேஜ்மென்ட் கோட்டா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். உங்கள் அண்ணனோ, "ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்தான் படிக்கணும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் போடு, வீட்டுப் பத்திரத்தை வைத்துப் புரட்டிக்கலாம்" என்கிறார். அவள் ராத்திரியெல்லாம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் ஊர் ஏரியையும் வாய்க்காலையும் வரைந்துகொண்டிருக்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆறுதல் சொல்லி அனுப்ப மனமில்லை. பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. அதற்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையாது. வருகிற சலுகையை விட்டுவிட்டுக் கடன் வாங்கச் சொல்கிறார் மாமா. வட்டியை அவர் கட்டப்போவதில்லை.

டாக்டர், ஐடி, பேங்க் பரீட்சை பற்றியெல்லாம் ஊரே சொல்லும். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: வரைபடத் தரவில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிப்பு பதிப்பாகக் காக்கும் வேலை.

மழை கொட்டினால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணினியில் மாதிரி ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு ஏரி எல்லை, வாய்க்கால், மதகு, தரைமட்டம் எல்லாம் வேண்டும். நாலு பேர் சேர்ந்து வேலை செய்தால் ஃபோல்டரில் 'ஏரி_ஃபைனல்', 'ஏரி_ஃபைனல்2', 'ஏரி_இதுதான்_ஃபைனல்' என்று குவியும். போன மாதம் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும் என்று காட்டிய அதே கணினி மாதிரி, இந்த மாதம் கணுக்கால் அளவு என்று காட்டும். மழைக்கணக்கை யாரும் தொடவில்லை. அப்படியானால் எந்தக் கோடு நகர்ந்தது, யார் நகர்த்தினார்கள்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு, யார் எப்போது எந்த வரியை மாற்றினார் என்று பதிப்பு பதிப்பாகக் காட்ட 2005 முதல் கிட் (Git) என்ற கருவி இருக்கிறது. ஆனால் அது வரிவரியாக எழுதப்பட்டதற்குத்தான் சரி. வரைபடத் தரவை வைக்கும் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகை உள்ளுக்குள் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம், வரிவரியான எழுத்து இல்லை. ஒரே ஒரு மதகின் ஆழத்தைத் திருத்தினாலும் 'கோப்பு மாறிவிட்டது' என்பதோடு கிட் நின்றுவிடும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் சும்மா திறந்து மூடினாலே மாறியதாகக் காட்டுவதும் உண்டு, அது ஒரு தலைவலி. நியூசிலாந்தின் கோஆர்டினேட்ஸ் நிறுவனம் உருவாக்கிய கார்ட் (Kart) என்ற இலவசக் கருவி கிட்டின் மேல்தான் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு மதகையும் தனித்தனிப் பதிவாக வைத்துக்கொள்வதால், '118ஆம் மதகு, ஆழம் 2.1 இருந்தது, இப்போது 1.8' என்று காட்டிவிடும். இரண்டு பேர் ஒரே மதகை வெவ்வேறு விதமாகத் திருத்தியிருந்தால், எது சரி என்று முடிவுசெய்யச் சொல்லி நிறுத்தும். தரைமட்டம் காட்டும் ராஸ்டர்கள், அதாவது கட்டம் கட்டமாக மதிப்பு வைத்த படக்கோப்புகள், பெரியவை. கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேல் ஒரு கோப்பை நேரடியாக ஏற்காது. டிவிசி (DVC) போன்ற கருவிகள் பெரிய கோப்பை வேறிடத்தில் வைத்துவிட்டு, அதன் அடையாளத்தைச் சொல்லும் சின்னக் கோப்பை மட்டும் கிட்டில் விடும். அப்புறம் மாதிரியை ஓட்டும் ஒவ்வொரு முறையும் எந்தத் தரவுப் பதிப்பில் ஓட்டினோம் என்று ஒரு டேக், அதாவது பெயர்க்குறி, போட்டுவைப்பார்கள். உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் யூடிஎம் முறையில் கோவை 43ஆம் மண்டலம், சென்னை 44. ஒருவர் மண்டலத்தை மாற்றிச் சேமித்துவிட்டாலும் எந்தத் தேதியில் என்று கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் மகளுக்கு இது புதிதில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அவள் வரைந்த ஏரியின் வரலாற்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பதிப்பு 1, பதிப்பு 2 என்று யார், எப்போது திருத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கலந்தாய்வில் கிண்டி பொறியியல் கல்லூரியின் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸை (வரைபடத் தரவைக் கணினியில் கையாளும் படிப்பு) முதலில் போடுங்கள். கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல்; மேற்படிப்புக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை (செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலத்தை ஆராய்வது) இருக்கிறது. டேராடூனில் உள்ள இஸ்ரோவின் ஐஐஆர்எஸ் (இந்தியத் தொலையுணர்வு நிறுவனம்) இணைய வழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது, அதையும் சேர்த்துப் படிக்கட்டும். ஆரம்பச் சம்பளம் பெரிய ஐடி வேலையைவிடக் குறைவாக இருக்கலாம், அதை மறைக்க மாட்டேன். படத்தின் மேல் கோடு இழுக்க மட்டும் ஆள் எடுக்கும் ஒப்பந்த வேலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. கிட், பைதான் என்ற நிரல்மொழி, கார்ட் மூன்றும் கையில் இருந்தால் அந்த வேலைக்குப் போக வேண்டிவராது.

கலந்தாய்வின் விருப்ப வரிசைப் பட்டியலை அவளே நிரப்பட்டும், மாமா பக்கத்தில் உட்கார வேண்டாம். கோட்டா சீட்டுக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரசீதோடு இந்த வாரமே போய்த் திரும்பக் கேளுங்கள்.